கல்லமேட்டு ஆமையைச் சாட்சிக்கு அழையுங்கள்

மன்னார் மாவட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானமும் புவியியலும் தமிழும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

தமிழ்த்தினப் போட்டிக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கும்போது குமரிக்கண்டத்தைத் தொடாமல் விடுவது கடினம். இந்தியாவையும் இலங்கையையும் மடகாஸ்கரையும் சேர்த்துப் பிடித்திருந்த ஒரு பெருநிலம் கடலுக்குள் போனது, அங்கேதான் நம் முன்னோர் வாழ்ந்தார்கள் என்ற கதை பிள்ளைகளின் வாயில் கம்பீரமாக ஒலிக்கிறது. அதே பிள்ளைகளுக்கு இன்னொரு பாடவேளையில் கண்ட நகர்வு சொல்லிக் கொடுக்கிறீர்கள். கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்தது, துண்டுகள் விலகிப் போயின என்று கரும்பலகையில் அம்புக்குறி போடுகிறீர்கள். இரண்டும் ஒரே கடலைப் பற்றிய கூற்றுகள்; இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க வழியில்லை. பிள்ளை இதைக் கவனிப்பதில்லை, ஏனென்றால் ஒன்று தமிழ்க் கொப்பியில் இருக்கிறது, மற்றது புவியியல் கொப்பியில். இரண்டு கொப்பிகளையும் ஒரே மேசையில் விரித்து வைக்க வேண்டும் என்பதற்காகவே இந்த மடல். மடகாஸ்கரோடு தமிழர் வாழும் நிலத்துக்கு உறவு இருந்தது, அது மெய். இடையிலிருந்த நிலம் மூழ்கியதால் அந்த உறவு அறவில்லை. ஒட்டியிருந்த நிலங்கள் பிரிந்து நகர்ந்ததால் அற்றது. அதற்குச் சாட்சிகள் பல. அவற்றுள் ஒன்று தமிழ் ஊரொன்றின் பெயரைத் தன் பெயரில் தாங்கியிருக்கிறது. அழிந்துபோன அந்த ஆமையை உங்கள் வகுப்பறைக்கு அழைத்து வாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அதன் பெயர் கூர்மாடெமிஸ் கல்லமேடென்சிஸ். தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்றொரு கிராமம் இருக்கிறது. அரியலூர் வட்டாரம் உயிர்ச்சுவடுகளுக்குப் பெயர் பெற்றது. அங்கிருந்து சேகரித்த சிப்பிகளும் சுருள் ஓட்டு அம்மோனைட்டுகளும் 1840களிலேயே இலண்டனுக்குப் போய் ஆராயப்பட்டன. அவை கடலடியில் படிந்த பாறைகளின் சொத்து. கல்லமேட்டுப் படிவுகளின் கதை வேறு. கடல் பின்வாங்கி, ஆறுகள் வந்து மணலையும் களியையும் கொட்டிய காலத்தில் உருவானவை அவை. வயது ஏறத்தாழ 7 கோடி ஆண்டு. கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிப் பகுதி, டைனோசர்கள் மறைவதற்குச் சற்று முந்திய காலம். அந்தப் படிவுகளில் கிடைத்த மண்டையோடுகளையும் ஓட்டுப் பகுதிகளையும் ஆராய்ந்து, நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் யூஜின் காஃப்னி, டெக்சாஸில் பணியாற்றிய சங்கர் சாட்டர்ஜி, கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் திராஜ் ருத்ரா ஆகிய மூவரும் 2001 இல் இதைப் புதிய பேரினமாக விவரித்தார்கள். கூர்மாவதாரத்தின் கூர்மத்தோடு, நன்னீர் ஆமையைக் குறிக்கும் எமிஸ் என்ற கிரேக்கச் சொல்லைச் சேர்த்துப் பேரினப் பெயர். கல்லமேட்டை வைத்து இனப் பெயர். உலகத்தில் எந்த மொழிக்காரர் இந்த ஆமையைப் பற்றி எழுதினாலும் கல்லமேடு என்று எழுதாமல் முடியாது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். அவர்கள் பெருமைப்பட ஓர் ஊர் வேண்டுமென்றால், வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஊர் இது.

இந்த ஆமையின் கழுத்தில்தான் வழக்கின் முதல் முடிச்சு இருக்கிறது. இன்று உயிரோடிருக்கும் ஆமைகள் இரண்டு பெருங்கிளைகளாகப் பிரிகின்றன. ஒரு கிளை, கழுத்தை மேலும் கீழுமாக வளைத்துத் தலையை நேரே பின்னால் இழுப்பது. மற்றது, கழுத்தைப் பக்கவாட்டில் மடித்துத் தலையை ஓட்டின் விளிம்புக்கடியில் சாய்த்து வைப்பது. இதைப் பக்கக்கழுத்து ஆமை எனலாம். கழுத்து மட்டும் இல்லை, இடுப்பெலும்பும் வேறுபடும். பக்கக்கழுத்து ஆமைகளில் அது மேலோட்டோடும் கீழோட்டோடும் இறுகப் பொருந்தியிருக்கும். ஆகவே கழுத்தை மடிப்பதைக் கண்ணால் பார்க்க முடியாத உயிர்ச்சுவடுகளிலும் இவை எந்தக் கிளை என்று எலும்பை வைத்தே சொல்லிவிடலாம். இப்போது இலங்கையில் வாழும் ஆமைகளை எடுத்துக்கொள்ளுங்கள். குளத்துப் பாலாமை, கறுத்த ஓட்டுக் குளத்தாமை, வறண்ட காட்டு நட்சத்திர ஆமை, நம் கரைக்கு வரும் பேராமை, பங்குனியாமை, அழுங்காமை என்று ஒவ்வொன்றும் முதற் கிளை. கடலாமைகளால் தலையை முழுதாக உள்ளே இழுக்க முடியாவிட்டாலும் உறவால் அவையும் அந்தக் கிளைதான். பக்கக்கழுத்து ஆமைகள் இன்று தென்னமெரிக்கா, ஆபிரிக்கா, மடகாஸ்கர், அவுஸ்திரேலியா, நியூகினி ஆகிய இடங்களில் வாழ்கின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பட்டியலை ஒரு முறை திரும்பப் படித்துப் பாருங்கள்: பெரும்பாலும் கோண்டுவானாவின் துண்டுகள். கல்லமேட்டு ஆமை பக்கக்கழுத்து ஆமை. இன்றைக்குத் தெற்கிலும் மேற்கிலும் மட்டும் உயிரோடிருக்கும் ஒரு கிளை, 7 கோடி ஆண்டுக்கு முன் காவிரிக்கரைப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

அது யாருடைய சொந்தம் என்ற கேள்விக்கு விடை மடகாஸ்கரிலிருந்து வந்தது. அந்தத் தீவின் வடமேற்கில், மகஜங்கா வட்டாரத்தில், மேவரனோ பாறைத்தொகுதி என்ற ஒன்று உண்டு. வயது கல்லமேட்டின் வயதுதான். அங்கு கிடைத்த மண்டையோட்டை வைத்து 2009 இல் காஃப்னியும் டேவிட் கிராவுஸும் இயாத் சல்முட்டும் கின்கோனிகெலிஸ் என்ற பேரினத்தை விவரித்தார்கள். கின்கோனி அங்குள்ள ஏரியின் பெயர். மும்பையின் எரிமலைப் பாறை அடுக்குகளுக்கிடையில் கிடைத்து 2003 இல் பெயர் பெற்ற சங்குசெமிஸ் என்ற இன்னொரு ஆமையும் உண்டு. எலும்பை எலும்போடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, இந்த மூன்றும் மற்றெல்லா ஆமைகளையும்விட ஒன்றுக்கொன்று நெருக்கமானவை என்று தெரிந்தது. அந்தக் குலத்துக்குக் கூர்மாடெமிடினி என்று கல்லமேட்டு ஆமையின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. அரியலூருக்கும் மகஜங்காவுக்கும் இடையில் இன்று 4,500 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம், அதில் பெரும்பகுதி கடல். நன்னீரில் வாழ்ந்த ஓர் ஆமைக் குலத்தின் உறுப்பினர்கள் அந்தக் கடலின் இரு கரைகளிலும் மட்டும் ஏன் இருக்க வேண்டும்? இதே மாதிரிக் கேள்வியிலிருந்துதான் லெமூரியாவும் பிறந்தது.

1864 இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர் மடகாஸ்கரின் லெமூர்களைப் பற்றி எழுதினார். அங்கே லெமூர்கள் நிறைந்திருக்கின்றன, அவற்றின் சொந்தமான தேவாங்கு இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இருக்கிறது, நடுவில் கடல். கண்டங்கள் நகரக்கூடும் என்ற எண்ணம் அன்றைய விஞ்ஞானத்தில் வேரூன்றவில்லை. நிலம் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றால், நடுவில் இருந்த பகுதி அமிழ்ந்துபோயிருக்க வேண்டும். அப்படி அமிழ்ந்ததாக எண்ணிய நிலத்துக்கு அவர் லெமூரியா என்று பெயரிட்டார். அன்றைய அறிவுக்கு அது நேர்மையான கருதுகோள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழறிஞர்கள் அதைப் பழந்தமிழ் நூல்கள் பேசும் கடல்கோளோடு பொருத்தினார்கள்; லெமூரியா குமரிக்கண்டம் ஆயிற்று. அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. தங்கள் காலத்து விஞ்ஞானம் எதைச் சொன்னதோ அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். நாமும் நம் காலத்து விஞ்ஞானத்தை அப்படிக் கொண்டுவந்தால் அவர்கள் வழியில் நடந்தவர்கள் ஆவோம். 1912 இல் அல்ஃபிரட் வெகனர் கண்டங்கள் நகர்கின்றன என்றார். அரை நூற்றாண்டு அவரை நம்பியவர்கள் சிலர்தான். 1960களில் கப்பல்கள் கடலடியின் காந்தத்தை அளந்தபோது நிலைமை மாறியது. கடலடி மலைத்தொடர்களின் இரு பக்கமும் பாறைகள் பட்டை பட்டையாகக் காந்தப் பதிவு கொண்டிருந்தன. தொடரை விட்டு விலக விலகப் பாறையின் வயது கூடியது. அதாவது கடலடி நடுவில் பிறந்து இரு பக்கமும் விலகுகிறது. 1971 இல் டான் மெக்கென்சியும் ஜோன் ஸ்கிளேட்டரும் இந்துமாக்கடல் முழுவதற்கும் இந்தப் பதிவுகளைப் படித்து, அது திறந்த வரலாற்றை வகுத்தார்கள். லெமூரியாவுக்குப் பெயர் வைத்தவரும் ஸ்கிளேட்டர், அது கிடக்க இடமில்லை என்று காட்டிய வரைபடத்தைத் தந்தவர்களில் ஒருவரும் ஸ்கிளேட்டர். வெறும் பெயர்ப் பொருத்தம்தான், ஆனால் பிள்ளைகளின் மனதில் நிற்கும்.

கண்டம் ஏன் மூழ்காது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான விவாதங்களில் விடுபட்டுப்போவது இதுதான். கண்டத்தின் மேலோடு கருங்கல் போன்ற இலேசான பாறைகளால் ஆனது, சராசரியாக 35 கிலோமீற்றர் தடிப்பு. கடலடியின் மேலோடு எரிமலைக் குழம்பு இறுகிய கனமான கரும்பாறை, தடிப்பு 7 கிலோமீற்றர் அளவில். இலேசான தடித்த மேலோடு கீழுள்ள அடர்ந்த பாறைமேல், தண்ணீரில் தெப்பம்போல், உயர்ந்து நிற்கிறது. அதன் ஓரங்களைக் கடல் ஏறி மூடலாம். முழுக் கண்டத்தையும் நாலு கிலோமீற்றர் ஆழத்துக்கு அமிழ்த்த எந்த விசையும் இல்லை. மடகாஸ்கருக்கும் நமக்கும் இடையில் கடலடியைத் தோண்டிப் பார்த்த இடங்களில் கிடைப்பது பெரும்பாலும் கனமான கரும்பாறை. அதன் மிகப் பழைய பகுதிக்கும் வயது கோடிக் கணக்கில்தான், நம் வவுனியாப் பக்கத்துக் கருங்கல்லைப் போல நூறு கோடிக் கணக்கில் இல்லை. நடுக்கடல் இளையது. மூழ்கிய பழைய நிலம் என்றால் அது முதியதாக இருந்திருக்கும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். மிக வலுவானதை முதலில் எடுக்க வேண்டும்: ஆமை நீந்துமே! கடலைக் கடந்துபோகக்கூடிய உயிரை வைத்து நிலத்தின் வரலாற்றை எப்படிச் சொல்வது? இந்த மறுப்பு நியாயமானது, அதை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. கூர்மாடெமிஸ் சேர்ந்த குடும்பத்துக்குப் போத்ரெமிடிடே என்று பெயர். இன்று முற்றாக அழிந்துவிட்ட அந்தக் குடும்பத்தில் கரையோரக் கடலில் வாழ்ந்த ஆமைகளும் இருந்தன, குடும்பம் ஆபிரிக்கா, ஐரோப்பா, இரு அமெரிக்காக்கள் வரை பரவியிருந்தது. போதாக்குறைக்கு, ஸ்கிளேட்டரின் லெமூர்களே இந்த மறுப்புக்குத் துணை நிற்கின்றன. மடகாஸ்கர் பிரிந்து பல காலம் ஆன பிறகு ஆபிரிக்காவிலிருந்து மிதக்கும் மரங்களிலும் செடித் தெப்பங்களிலும் அங்கே போய்ச் சேர்ந்தவற்றின் வாரிசுகள்தாம் லெமூர்கள் என்று இன்று பெரும்பாலான ஆய்வாளர் கருதுகிறார்கள். கடல் கடந்த பயணம் நடக்கிறது. உங்கள் மன்னார் நகரத்திலேயே, பள்ளிமுனையில், அதற்கு உயிருள்ள சான்று நிற்கிறது. பெருக்கமரம் ஆபிரிக்காவின் மரம். மடகாஸ்கரில் அதன் சொந்தங்கள் ஆறு இனங்கள் இருக்கின்றன. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழுந்து, பெருக்கமரம் இங்கேயும் அங்கேயும் இருக்கிறது, ஆகவே லெமூரியா உண்மை என்று சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? மன்னார்ப் பெருக்கமரம் ஆபிரிக்கப் பெருநிலத்து இனம், மடகாஸ்கரின் ஆறில் ஒன்று இல்லை. அராபிய வணிகரோடு அது வந்ததாகவே கொள்ளப்படுகிறது. மாதோட்டத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வந்த கரையில் அது நிற்பதும் பொருந்துகிறது. ஒத்த உயிர் இரு கரைகளிலும் இருப்பது மட்டும் சான்றாகாது. எந்த இனம், எவ்வளவு நெருக்கம், எந்தக் காலம் என்று மூன்றையும் கேட்டே ஆக வேண்டும்.

அதே மூன்று கேள்விகளையும் கல்லமேட்டு ஆமையிடம் கேட்போம். இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது ஏறத்தாழ 8 கோடியே 80 இலட்சம் ஆண்டுக்கு முன். அந்தப் பிளவின்போது பொங்கிய எரிமலைப் பாறைகள் மடகாஸ்கரில் பரந்து கிடக்கின்றன. கர்நாடகத்தில் உடுப்பிக்கு அருகே, மல்பே கரைக்கு அப்பாலுள்ள சென் மேரிஸ் தீவுகளின் தூண் தூணாக நிற்கும் பாறைகளும் ஏறக்குறைய அதே வயதினவே. ஆமைகளின் வயது 7 கோடி. பிரிந்து ஒன்றரைக் கோடி ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆமை நேற்றுத்தான் நீந்திப் போயிருந்தால் இரு கரையிலும் ஒரே பேரினம், ஒருவேளை ஒரே இனமே கிடைத்திருக்கும். கிடைத்தவை வெவ்வேறு பேரினங்கள், ஆனால் ஒரே குலம். பாகப் பிரிவினைக்குப் பிறகு தனித்தனியாக வளர்ந்த இரு வீடுகளின் பிள்ளைகள் எப்படி இருப்பார்களோ அப்படி. இது மட்டும் போதுமா என்றால், போதாது. ஒரு சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. மேவரனோ படிவில் சிமோசூக்கஸ் என்றொரு முதலை, 2000 இல் விவரிக்கப்பட்டது. மழுங்கிய முகமும் இலை தின்னும் பல்லும் கொண்ட, தரையில் திரிந்த சிறிய விலங்கு. அதன் பற்களை ஒத்த பற்கள் கல்லமேட்டில் கிடைத்ததை ஜி. வி. ஆர். பிரசாத்தும் அவருடைய குழுவினரும் 2013 இல் வெளியிட்டார்கள். குஜராத்தில் கிடைத்த ராஜசோரஸ், மடகாஸ்கரின் மஜுங்கசோரஸ் ஆகிய இரண்டும் அபெலிசோரிட் எனப்படும் ஒரே குடும்பத்து ஊனுண்ணி டைனோசர்கள். ஆமை நீந்தும் என்று வைத்துக்கொண்டாலும், தரை முதலையும் பல தொன் எடையுள்ள டைனோசரும் சேர்ந்து நீந்தியதாகச் சொல்வது கடினம். ஆமையின் சாட்சியம் இவர்களின் சாட்சியத்தோடும், கடலடிக் காந்தப் பட்டைகளோடும், எரிமலைப் பாறைகளின் வயதோடும் ஒத்துப்போகிறது. ஒன்றையொன்று அறியாத சாட்சிகள் ஒரே கதையைச் சொல்லும்போதுதான் வழக்கு நிற்கிறது.

இரண்டாவது மறுப்பு இப்போது அடிக்கடி கேட்பது: மொரிஷியஸுக்கு அடியில் மூழ்கிய கண்டம் கண்டுபிடித்தார்களே, அது லெமூரியா இல்லையா? செய்தி உண்மை. 2013 இல் மொரிஷியஸின் கடற்கரை மணலில், அந்த இளம் எரிமலைத் தீவுக்குப் பொருந்தாத பழைய சிர்க்கோன் மணிகள் கிடைத்தன. 2017 இல் பாறைக்குள்ளேயே கிடைத்தவற்றின் வயது 300 கோடி ஆண்டை எட்டியது. அடியில் பழைய கண்டத்தின் சிதறல் ஒன்று புதைந்திருக்கிறது என்பது அதன் பொருள். அந்தச் சிதறல் எப்படி வந்தது என்று அதே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்: இந்தியாவும் மடகாஸ்கரும் பிரியும்போது நடுவில் கிழிந்து மெலிந்துபோன துண்டு. ரொட்டியை இரண்டாகப் பிய்க்கும்போது நடுவில் விழும் தூள் மாதிரி. தூளைக் காட்டி மூன்றாவது ரொட்டி ஒன்று இருந்தது என்று சொல்ல முடியாது. அது பிரிந்த காலத்தில் மனிதன் இல்லை, குரங்கும் இல்லை. மனித இனத்தின் வயதே 3 இலட்சம் ஆண்டு அளவுதான்.

மூன்றாவது, உங்களில் தமிழாசிரியர்களிடமிருந்து வரக்கூடியது. என் மனதுக்கு நெருக்கமானதும் அதுவே. சிலப்பதிகாரம் கடல்கோளைப் பேசுகிறது. அதற்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையில் 49 நாடுகளும் 700 காவதமும் அழிந்ததாகக் கணக்கே தருகிறார். இத்தனையும் பொய்யா? பொய் என்று நான் சொல்லவில்லை. கடல் நிலத்தைக் கொண்டது என்ற நினைவுக்குக் கண்டம் ஒன்று தேவையே இல்லை. மன்னார்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி நோக்கிக் கிடக்கும் மணல் தீடைகள் வருடத்துக்கு வருடம் உருமாறுகின்றன. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை ஓர் இரவில் இல்லாமல் ஆக்கியது. அரிப்பில் டொரிக் மாளிகையின் இடிபாட்டைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. இன்னும் பின்னால் போனால், சுமார் 20,000 ஆண்டுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையின் ஆழமோ அதைவிட மிகக் குறைவு. அப்போது இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலம். இன்று வள்ளம் ஓடும் இடத்தில் மனிதர் நடந்திருக்கிறார்கள். பனி உருகி அந்த நிலத்தைக் கடல் மெல்ல மூடியது. மனிதர் கண்ணால் கண்ட கடல்கோள் அது. காலமும் பொருந்துகிறது, ஆழமும் பொருந்துகிறது. பழைய உரைகாரரின் சொல்லுக்குப் பின்னால் அப்படியொரு கரையிழப்பின் நினைவு இருக்கலாம். அந்த நினைவை 8 கோடி ஆண்டுக்கு முந்திய கண்டப் பிளவோடு கட்டிப்போடும்போதுதான் அது நம்பத்தகாததாகி விடுகிறது. மூழ்கிய கரை வேறு, விலகிய கண்டம் வேறு. முன்னது உங்கள் வீட்டு வாசலில் நடந்தது. பின்னதுக்கு ஆமைதான் சாட்சி. இரண்டையும் தனித்தனியே கற்பித்தால் இரண்டும் பிழைக்கும்.

கல்லமேடு தமிழ்நாட்டில் இருக்கிறது, மன்னாரில் என்ன கிடைத்தது என்று கேட்பவர்களும் இருப்பார்கள். மேற்பரப்பில் இந்த வயதுக்குரியது எதுவும் கிடைக்காது, அதற்குக் காரணம் உண்டு. மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் வரை மணலுக்கடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது; கூர்மாடெமிஸ் மறைந்து கோடிக்கணக்கான ஆண்டுக்குப் பிறகு ஆழம் குறைந்த கடலில் படிந்தது. ஆற்றாமையை அதில் தேடுவது நேற்றைய பத்திரிகையில் பாட்டன் காலத்துச் செய்தியைத் தேடுவது போல. ஆனால் அதற்கும் கீழே போனால் கதை கல்லமேட்டோடு சேர்ந்துவிடுகிறது. அரியலூர்ப் பாறைகள் காவிரிப் படுகையைச் சேர்ந்தவை. இந்தியாவும் இலங்கையும் அந்தாட்டிக்காவிலிருந்து கிழிந்து பிரிந்தபோது உண்டான பள்ளம் அது. அது நாகப்பட்டினத்தோடு நின்றுவிடவில்லை. பாக்கு நீரிணைக்கு அடியால் வந்து மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் தொடுகிறது. 1970களில் பேசாலையில் பெற்றோலியம் தேடித் துளையிட்டது இந்தப் படுகையில் இருந்த நம்பிக்கையால்தான். 2011 இல் மன்னார் வளைகுடாவின் ஆழ்கடலில் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது; அந்த வளைகுடாப் பள்ளமும் அதே பிளவுகளின் பிள்ளை. பேசாலைப் பிள்ளையின் காலுக்கடியில், அவனால் தொட முடியாத ஆழத்தில், கூர்மாடெமிஸ் வாழ்ந்த காலத்தின் மண் இருக்கிறது. மேலே ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. கீழே படுகை ஒன்றுதான்.

பரீட்சைக்கு வராதது என்ற மறுப்புக்கு நீண்ட பதில் வேண்டாம். கண்ட நகர்வு வினாத்தாளில் வருகிறது, அதற்கு உதாரணம் எழுதச் சொல்லும் வினாவும் வருகிறது. பாடநூல்கள் தரும் உதாரணங்கள் பெரும்பாலும் தென்னமெரிக்காவுக்கும் ஆபிரிக்காவுக்கும் உரியவை. மன்னார்ப் பிள்ளை கல்லமேட்டையும் கின்கோனியையும் எழுதினால் புள்ளி குறையாது.

குமரிக்கண்டக் கதைக்கும் கூர்மாடெமிஸ் கதைக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்ட, கல்லமேட்டிலேயே இன்னொரு உதாரணம் கிடைக்கிறது. அதே படிவில் மிகப் பெரிய டைனோசர் எலும்புகள் கிடைத்தன. 1980களில் யாதகிரி, அய்யாசாமி என்ற ஆய்வாளர்கள் அந்த விலங்குக்குப் புருஹத்காயோசோரஸ் என்று பெயரிட்டார்கள். பேருடலி என்று பொருள். உலகத்தில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது இருக்கலாம் என்று கணித்தவர்கள் உண்டு. ஆனால் அந்த எலும்புகள் பாதுகாக்கப்படாமல் பொடிந்துபோயின. படங்களும் வரைபுகளும் எஞ்சின. அளவு சரியா, அது எலும்புதானா என்றுகூடச் சந்தேகம் எழுப்பியவர்கள் இருந்தார்கள், அளந்து பார்த்து அவர்களுக்குப் பதில் சொல்லப் பொருள் இல்லை. கூர்மாடெமிஸின் மண்டையோடு அப்படியில்லை. என் வாதத்தில் பிழை இருக்கிறது என்று நினைக்கும் ஒருவர் போய், அந்த மண்டையோட்டைக் கையில் எடுத்து, கின்கோனிகெலிஸோடு ஒப்பிட்டு, இந்த உறவு தவறு என்று நிறுவலாம். நிறுவினால் நான் எழுதியதை மாற்றிக்கொள்வேன். குமரிக்கண்டத்தைப் பற்றிப் பேசும் பிள்ளையிடம் அப்படி எதை எடுத்துப் பார்க்கச் சொல்வது? பதினைந்து வயதில் ஒரு பிள்ளை கற்றுக்கொள்ளக்கூடிய மிகப் பெரிய விஷயம் இந்த வேறுபாடு என்று நான் நம்புகிறேன். அதைக் கற்றுக்கொடுக்க விஞ்ஞான ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே வகுப்பில் ஒரு பாடவேளை சேர்ந்து நின்றால் போதும். தமிழாசிரியர் அடியார்க்குநல்லாரின் உரையை எடுத்துரைக்கட்டும், விஞ்ஞான ஆசிரியர் கடலடியின் வயதை வரையட்டும், பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும்.

தொடங்குவதற்குக் கட்டுக்கரைக்குளம் நல்ல இடம். காலையில் குளக்கட்டோரம் ஆமைகள் வெயில் காயும். பிடிக்க வேண்டாம், சட்டம் காக்கும் உயிர்கள் அவை. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும். ஆள் அரவம் கேட்டதும் ஆமை தலையை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று மட்டும் பார்த்து எழுதச் சொல்லுங்கள். எல்லாக் கொப்பியிலும் நேரே பின்னால் என்றுதான் வரும். பக்கவாட்டில் மடிக்கும் ஆமை மடகாஸ்கரில் இன்றும் இருக்கிறது, இங்கே ஏன் இல்லை, ஒருகாலத்தில் இருந்ததா என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அது கேட்டதும் கல்லமேட்டு மண்டையோட்டின் படத்தை வெளியே எடுங்கள்.